மூன்றாம் எண் படிவம்

உறைபனியில் இழந்தவற்றுக்கு இந்தப் படிவம்.
ஒரு பொருளுக்கு ஒரு வரி,
ஒரு வரிக்கு நாற்பது கட்டம்.
கட்டத்தைத் தாண்டி எழுதினால்
தலைநகரத்துக் கணினி துப்பிவிடும்.

புயல் ஓய்ந்த இரண்டாம் நாள்
லுவ்சன்தாஷ் வந்து உட்கார்ந்தார்.
மேலே மருமகனின் நைலான் ஜாக்கெட்.
அதன் கைகள் மணிக்கட்டுக்கு நாலு விரல் முன்பே முடிந்துபோயிருந்தன.
பின்னால் ஹோர்லோ, நின்றபடி.

"எழுதுங்க. தேல், ஒண்ணு."
எழுதினேன். எங்கள் லிபியில் நாலு கட்டம்.
அடுத்த பத்தி, உபயோகம்.
உடை என்று நானாகவே எழுதப்போனேன்.
"அவசரப்படாதீங்க."

பகலில் உடை, சரி.
வழியில் இருட்டினால் பாதி விரிப்பு, பாதி போர்வை,
தலைவரை இழுத்துக்கொண்டால் வீடு.
மடிக்குள் மரக்கிண்ணம், பொடிச் சீசா, ரேஷன் சீட்டு,
போன மார்ச்சில் ஈரம் காயாத ஆட்டுக்குட்டி ஒன்று, ஒன்பது நாள்.
கைநுனியை இறக்கிவிட்டால் கையுறை.
குதிரைச் சந்தையில் அதே கைக்குள் விரல் பிடித்து விலை பேசலாம்,
பக்கத்தில் நிற்பவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.
மரமே இல்லாத நாற்பது மைலில்
ஹோர்லோ ஒதுங்க வேண்டுமென்றால்
குந்தினால் போதும்,
நாலு சுவரும் கூடவே குந்தும்.

"அதோட," என்றார், "மலைக்கு எப்படி வழி சொல்வீங்க?"

பேனா நின்றது.
ஹாங்காயில் வெயில் விழும் சரிவுக்கு
தேலின் மார்மடிப்புப் பெயர்.
அடிவாரத்துக்கு அதன் தொங்கல்.
ஊரின் விளிம்புக்கும், விளிம்பில் கூடும் கடைவீதிக்கும்
கழுத்துப்பட்டையின் பெயர்.
ஒருவர் தேலைக் கழற்றினால்
பாதி நிலப்படம் பேரில்லாமல் குளிரில் நிற்கும்.
பெண்ணுக்கு ஒரு சொல்: கச்சையற்றவள்.
நான் கச்சை கட்டித்தான் வேலைக்கு வருகிறேன்,
சொல்லுக்கு அது இன்னும் தெரியாது.

"காணாமல் போனதா, களவா, சேதமா?"

"நடந்து போச்சு."

சிவப்புப் பசு. நிறைசினை.
அன்றிரவு அதன் நடுக்கம்
தொழுவச் சுவரில் கேட்டதாம்.
கழற்றிப் போர்த்தினார்,
கச்சையால் வயிற்றோடு மூன்று சுற்று.
வைக்கோலுக்குத் திரும்பிய நேரம்
காற்று கதவைப் பிடுங்க
காற்று போன பக்கமே பசுவும் போனது.

"பேச்சுப்படி பாத்தா இப்ப நான்தான் பொம்பளை,"
என்று இடுப்பைத் தட்டிக் காட்டினார்.
ஹோர்லோ சிரிக்கவில்லை.
ஆறு மீட்டர் பட்டு. அவள் காசு.

'உடை முதலியன' என்று முடித்தேன்.
முதலியன என்ற சொல்லை அவர் விரலால் தொட்டார்.
"இதுக்குள்ள எத்தனை பேர் அடங்குவாங்க?"
முத்திரை குத்தினேன்.

நான்காம் நாள்
பக்கத்து மாவட்டத்திலிருந்து தொலைபேசி.
அந்திக் கருக்கலில், மலையின் தொங்கல் ஓரமாக
ஒரு தேல் வந்துகொண்டிருந்ததாம்,
தனியாக, கூனிக்கொண்டு, மெதுவாக.
யாரோ வயதானவர், குதிரையை இழந்தவர் என்று
வீட்டுக்காரி தேநீருக்குப் பால் ஊற்றினாள்.
நல்ல கிண்ணம் பெட்டியிலிருந்து இறங்கியது.
மகன் நாயைப் பிடித்துக்கொண்டான்.
விருந்தாளி பேசாமல் வந்தார்,
குதிரை கட்டும் கம்பத்தில் கழுத்தைத் தேய்த்தார்.

எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்ததால்
நாய் குழம்பிப் படுத்துவிட்டது.
பையன் மட்டும் குனிந்து பார்த்து
தொங்கலுக்குக் கீழே எண்ணினான்,
இன்னொரு தடவை எண்ணினான்.
எட்டுக் கால்.

கிண்ணத்தை என்ன செய்தார்கள் என்று கேட்டேன்.
"ஊத்தினதைத் திருப்பி எடுப்பாங்களா?"
என்றது அந்தக் குரல்.