எந்தக் கால்

முழங்கால் என்றுதான் சொல்லிவைத்திருக்கிறாள் அம்மா.
தலை என்றால்
காங்கேயத்துக்காரர்கள் பொண்ணு கேட்டு வரமாட்டார்களாம்.
அதனால் விசேஷ வீடுகளில்
நான் கொஞ்சம் நொண்ட வேண்டும்.

மூன்றாவது அடி வெள்ளகோவிலில்.
ரெய்டு போய்த் திரும்புகையில்
எதிர் டீம் துளசிமணியின் முட்டி, என் காதோரம்.
விழுந்தபடியே கோட்டைத் தொட்டேனாம்,
ரெண்டு பாயிண்ட்டாம்.
கைதட்டலை வீடியோவில்தான் பார்த்தேன்.
துளசிமணி வாராவாரம் போன் பண்ணுகிறாள்,
மேட்ச் தவிர எல்லாம் பேசுகிறாள்.

ஈரோட்டு டாக்டர்
மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார்.
பங்குனி, மாசி, தை...
தையிலேயே நின்றேன்.
"போதுங்கண்ணு" என்று ஃபைலை மூடினார்.
விளையாட்டையும் சேர்த்து என்பது
பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது.

இப்போது பனியன் கம்பெனியில் செக்கிங்.
ட்யூப்லைட் மேசையில் துணி விரித்து ஓட்டை தேடணும்.
பத்து மணிக்கெல்லாம்
வெள்ளை கண்ணுக்குள் ஊசி ஏற்றும்.
பூவாத்தாள் அக்கா ஒன்றும் கேட்கவில்லை.
மடிக்கிற பக்கம், இருட்டு மூலையில்,
ஸ்டூல் போட்டுக் கொடுத்தாள்,
என் முழங்காலுக்காக.

ஓவர்லாக் இரைச்சலுக்குள்
உதடசையாமல் கபடி கபடி என்று பார்த்தேன்.
முப்பது நொடி மூச்சு அப்படியே இருக்கிறது.
அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

நேற்று சென்னிமலையில் மாமன் மகள் நிச்சயம்.
பந்தியிலிருந்து எழுந்து நொண்டினேன்.
சித்தி கேட்டாள்,
"ஏங்கண்ணு, போன வாரம் வலது காலல்ல?"
அம்மா இலையையே பார்த்தாள்.

"மாறி மாறி வலிக்குதுங் சித்தி."