இருபத்தெட்டாம் நாள்

மூன்று அடுக்கு,
அடுக்குக்கு இருபத்தைந்து குத்து
என்றது செய்முறைத் தாள்.
யெர்கோ கம்பியைப் பிடித்தான்.
பத்தொன்பதில் ஒரு தும்மல்; மறுபடி ஒன்றிலிருந்து.
இருபத்திரண்டில் மில்லராய் ஏதோ கேட்டாள்;
மறுபடி ஒன்று.
"கணக்குதான் வராது,
எண்ணக்கூட வராதா உனக்கு?" என்றேன்.
எல்லாரும் சிரித்தோம்.
அவனும்தான்.
கை நிற்கவில்லை.

மறுநாள் அச்சைக் கழற்றி
மூன்று கான்கிரீட் உருளைகளிலும் பெயர் எழுதினோம்.
மே இருபத்தொன்பது.
தன் பெயருக்குப் பக்கத்தில்
அவன் ஒரு சேவல் வரைந்தான்,
வால் மட்டும் ரொம்பப் பெரிசாய்.
தொட்டித் தண்ணீரில் இறக்கினோம்.
இனி இருபத்தெட்டு நாள்
அதற்கு வேலை, சும்மா நனைவது.

எங்களுக்கு அப்படி இல்லை.
கொன்செப்சியோனில் ஜூன் என்றால் மழை,
மழை என்றால் காயாத சாக்ஸ்,
பாய்ம இயந்திரவியல்,
கூடாரத்துக்கடியில் எண்ணெய் சொட்டும் பூசணி ரொட்டி,
காசில்லாத நாளில் அதன் வாசனை.
விடிய விடிய வரைந்த உத்திரத்தில்
ஒரு குறி மாறிப்போய்
பாலம் வானத்தை நோக்கி வளைந்தது.
பேராசிரியர் அதைச் சுவரில் ஒட்டினார்.
மூன்று நாள் நான் அந்த வழியே போகவில்லை.

ஒரு நாள் இரவு இரண்டரைக்கு
கட்டில் நகர்ந்தது.
யாரும் எழவில்லை.
இருட்டில் குரல்கள் மட்டும்:
நாலு புள்ளி ஆறு!
இல்லை, ஐந்து!
தோற்றவன் நூடுல்ஸ் வாங்க வேண்டும்.
எப்போதும் சரியாகச் சொல்கிறவன்
அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.
காலையில் பார்த்தோம்:
மெத்தை சுருட்டியிருந்தது,
மேசையில் என் கால்குலேட்டர்,
புது பேட்டரியோடு.

தொகை நுண்கணிதம், மூன்றாம் முறை.
அரியர் என்பது வேறு, இது வேறு;
மூன்றுக்கு மேல் கதவில்லை.
கடைசித் தேர்வில்
பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தானாம்.
வடக்கே கலாமாவில், செம்புச் சுரங்கத்தில்,
யாரோ மாமன் வழியாக ஒப்பந்த வேலை.
ஒரு பகல், ஓர் இரவு, இன்னும் கொஞ்சம்
பேருந்தில் போனால்
மழையே தெரியாத ஊர்.
இங்கே அவன் பெயர்
தண்ணீருக்குள் இருந்தது.

ஜூன் இருபத்தாறு.
என் உருளை இருபத்திரண்டு புள்ளி எட்டு மெகாபாஸ்கலில்
முனகிவிட்டு உட்கார்ந்தது.
மில்லராயுடையது கொஞ்சம் மேல்.
மூன்றாவதை நான்தான் தூக்கி வைத்தேன்;
சேவல் வெளிப்பக்கம் தெரியும்படி.
முள் ஏறியது.
இருபத்தைந்தைத் தாண்டியது.
லேப் உதவியாளர் ஒஸ்வால்தோ
சாண்ட்விச்சை வாயில் வைத்தபடி நின்றுவிட்டார்.
இருபத்தொன்பது புள்ளி ஒன்று.
அப்புறம் வந்த சத்தத்தில்
பக்கத்து வகுப்பில் யாரோ கதவைத் திறந்து பார்த்தார்கள்.

அறிக்கையில் ஒரு கட்டம்:
'விலகலுக்கான காரணம்'.
'குத்துகளின் எண்ணிக்கை அதிகம்' என்று எழுதி
'சரியாகத் தெரியவில்லை' என்றும் சேர்த்தோம்.
நான் சிரித்ததை எழுத
அதில் இடமில்லை.

எண்ணை அவனுக்கு அனுப்பினேன், எண்ணை மட்டும்.
நான்கு மணி நேரம் கழித்து,
ஷிப்ட் முடிந்திருக்கும்,
பதில் வந்தது.
வாழ்த்தும் இல்லை, வருத்தமும் இல்லை:
"கூம்பாய் உடைந்ததா, சாய்வாய்ப் பிளந்ததா?"

கவனிக்கவே இல்லை.
கூட்டி வாரிக் கொட்டியாயிற்று.

இப்போது லேபுக்குப் பின்னால்
இடிபாட்டுத் தொட்டிக்குள் நிற்கிறேன்,
முழங்கால்வரை பிற மாணவர்களின் கான்கிரீட்,
வாயில் கைபேசி விளக்கு.
மழை வலுக்கிறது.
மில்லராய் மேலிருந்து குடையை
எனக்குப் பிடிக்காமல்
கற்களுக்குப் பிடிக்கிறாள்.
இதுவரை கிடைத்தது
ஒரு வால்.