குப்பை அறைக்கு ஒரு கடல்

திங்களன்று அது ஷென்ஜெனில் இருந்தது.
செவ்வாயும் புதனும்
'பிரிக்கப்படுகிறது' என்றே சொன்னது கைப்பேசி.
ஆயிரத்து இருநூற்றுப் பத்துத் துண்டு.
எல்லாம் வெள்ளை; சில மட்டும்
ஐஸ்கட்டி மாதிரி, அந்தப் பக்கம் தெரியும்.
இதைக் கட்டு என்று சொல்லும் புத்தகம் கிடையாது.
கட்டி முடித்த எதன் படமும் பெட்டிமேல் கிடையாது.
அதற்காகத்தான் வாங்கினேன்.

துவாஸில் இரவு வேலை முடித்து வந்த சற்குணம்
காலணியை அவிழ்த்தபடி கேட்டார்:
'படமே இல்லாததுக்கா நூத்தி எண்பது வெள்ளி?'
ஒரு காலணி கழன்ற பிறகு
கொஞ்சம் இறங்கி வந்து,
'சரி, எங்க வைப்பே?'

ஈசூனில் மூவறை வீடு.
அலமாரி முழுக்க அவருடைய தூண்டில் கோல்கள்.
இஸ்திரிப் பலகையை அளந்தேன்.
நீளம் போதும், ஆனால் நடந்தால் ஆடும்.
நிலநடுக்கப் பகுதியில் நான் கட்டியதில்லை.

பொறுக்க முடியாமல்
சர்க்கரைக் கட்டியில் ஒரு சுவர் எழுப்பிப் பார்த்தேன்.
மூன்று மாடி. காலையில்
எறும்புகள் குடிவந்திருந்தன:
குலுக்கல் இல்லை, வரிசை எண் இல்லை,
நாலு வருடக் காத்திருப்பும் இல்லை.

நான் வரைவது குப்பை அறை.
உபியில் அலுவலகம், பதினோரு வருடம்.
முகப்பை வேறொருவர் வரைவார்,
மொட்டைமாடித் தோட்டத்தை இன்னொருவர்,
அதில் மரமும் குழந்தைகளும் போடத்
தனியாக ஒரு பையன்.
எனக்குத் தெரிந்தது
லாரி பின்னோக்கி வர எத்தனை மீட்டர்,
தொட்டி திரும்ப எத்தனை,
கழுவிய தண்ணீர் தேங்காதிருக்கத்
தரை எவ்வளவு சாயவேண்டும் என்பது.
தாளின் மூலையில் 'வரைந்தவர்' கட்டத்துக்குள்
இரண்டெழுத்தாக இருப்பேன்.

ஒருமுறை அங்கே ஜன்னல் ஒன்று வைத்தேன்.
திரு கோ கெட்டவரில்லை,
எல்லாருக்கும் பபிள் டீ வாங்கித் தருபவர்.
சிவப்புப் பேனாவால் அதைச் சுழித்துவிட்டு
'குப்பை எதைப் பார்க்கப் போகிறது?' என்றார்.
சிரித்தார்கள். நானும்தான்.

எங்கள் புளோக்கைக் கூட்டுகிற மொஃபிஸுல்
மதியம் பன்னிரண்டரைக்கு
வாளியைக் கவிழ்த்துப்போட்டுக்
குப்பை அறை வாசலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்.
வெயில் அங்கேதான் வருவதில்லை.
எதிரே சுவர். அதைப் பார்த்தபடி
சோற்றைப் பிசைந்துகொண்டே
யாருடனோ வீடியோவில் பேசுகிறார்.
திரு கோவிடம் இதைச் சொல்ல
அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே முதல் கட்டடம் முடிவாகிவிட்டது.
ஒரு குமிழுக்கு அரை மீட்டர் கணக்கு.
குப்பை அறை உச்சியில்,
எல்லா மாடிக்கும் மேலே.
ஐஸ்கட்டித் துண்டுகள் மொத்தமும் அதற்கே.
குப்பை எப்படி மேலே ஏறும் என்று கேட்காதீர்கள்,
அது இரண்டாவது கட்டடத்தில்.
லாரியைப் பற்றியும் கேட்காதீர்கள்.
உட்கார ஒரு பெஞ்சு.
உட்கார்ந்தால் ஜொகூர் நீரிணை தெரியவேண்டும்,
அதை மட்டும் நான் அட்டையில் தீட்டிக்கொள்வேன்.

வியாழன் அரைநாள் விடுப்பு எடுத்துக்
கதவுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.
'வீட்டில் யாரும் இல்லை' என்று செய்தி வந்தது.
கீழ்த்தளத்தில் பார்சல் பெட்டகம், ஆறு இலக்க எண்,
பதினாலாம் கதவு.
அடிவரிசை. முழங்காலிட்டுத்தான் எடுக்கவேண்டும்.
எடுத்தேன். பிரிக்கவில்லை.
மின்தூக்கியில் ஒருதரம் குலுக்கினேன்;
ஆயிரத்து இருநூற்றுப் பத்தும்
உள்ளே இடம் மாறி உட்கார்ந்தன.
கூட வந்த பெண் தன் பூனைக்கூடையை
இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் டிவி தரையில் இருந்தது.
கட்டிலுக்கடியிலிருந்து தூண்டில் முனைகள்
வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.
காலியான டிவி மேசையைச்
சற்குணம் ஈரத்துணியால் துடைத்தபடி
'இது போதுமா?' என்றார், திரும்பாமலே.

போதும் என்றேன்.
கடலுக்கு மட்டும் இன்னும் ஒரு ஜாண்.