எண்பத்தெட்டு

ஷார்ஜா, சஜா. அறை எண் நாற்பத்தொன்று.
ஆறு இரட்டைக் கட்டில், ஒரு ஜன்னல்,
அந்த ஜன்னலிலும் ஏசி.

மேல்கட்டில் சூசையின் இருமல்தான்
எங்கள் எல்லாருக்கும் அலாரம்.
நாலு மணி, பிசகாது.
பதினாறு வருஷம் மார்பிள் அறுத்த நெஞ்சு.
தண்ணி விட்டு அறுத்தால் நேரமாகும் என்று
ஃபோர்மேன் சொன்ன காலத்து மாவு
இன்னும் உள்ளேயே இருக்கிறதாம்.
"வீட்டுக்குத் தரை போட முடியல,
நெஞ்சுக்குப் போட்டுட்டேன்" என்பான்.
சிரிப்போம். சிரித்தால் அவனுக்கு இருமல் வரும்,
அதற்கும் சிரிப்போம்.

மார்ச் மாதம் அந்தச் சிரிப்பு நின்றது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
டில்லிராம் தன் தட்டை எடுத்துக்கொண்டு
படிக்கட்டில் போய்ச் சாப்பிட்டான்.
நான் தலையணையைக்
கால்மாட்டுக்கு மாற்றிக்கொண்டேன்.

இருமலை விழுங்கப் பழகினான்,
துண்டைச் சுருட்டிக் கடித்துக்கொண்டு.
நாலு மணிக்குச் சத்தமில்லாமல் குலுங்கும் இரும்புக்குக் கீழே
நான் தூங்குகிறவன் மாதிரிக் கிடப்பேன்.

விரலில் மாட்டும் கருவி ஒன்று கம்பெனி தந்தது.
தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு என்று
பரீட்சை மார்க் போலக் கத்திச் சொன்னோம்.
சூசைக்கு எண்பத்தெட்டு.
ஹெல்ப்லைனில் மலையாளம் கலந்த தமிழில் ஒரு பெண் பதறினாள்.
"மேடம், நல்ல நாளிலேயே எனக்கு அவ்வளவுதான்."
மறுமுனை கொஞ்ச நேரம் பேசவில்லை.
"அப்போ கெட்ட நாள் எப்படித் தெரியும்?"

புதன்கிழமை தெரிந்தது.
எழுபத்தொன்று.
நீல இன்ஹேலரை உறிஞ்சினான், உறிஞ்சினான்,
அதன் முதுகுச் சிறு கட்டத்தில் பூஜ்யம்.
ஸ்ட்ரெச்சர் திரும்ப இடமில்லை.
அவனே இறங்கினான்,
ஏணியின் ஒவ்வொரு படியிலும் நின்று,
எங்கள் முகத்தைப் பார்க்காமல்.

அறையைப் பூட்டினார்கள். வேலை இல்லை, பஸ் இல்லை.
எழ வேண்டிய தேவையே இல்லாத நாலு மணிக்கு
விழித்துக்கொண்டேன்.
இரும்பு அசையவில்லை.
எதிர்க்கட்டிலில் டில்லிராமின் கண்ணும் திறந்திருந்தது.

ஐம்பத்துமூன்றாம் நாள் வந்தான்,
பாதி ஆளாய், கூடவே உறுமும் ஒரு பெட்டியோடு,
மூக்கில் குழாய்.
கருவியைத் தானே கேட்டு வாங்கி மாட்டினான்.
எண்பத்துமூன்று.
"குறிச்சு வச்சுக்கோ. இனி இதுதான் நல்ல நாள்."

என் கீழ்க்கட்டிலை அவனுக்குக் கொடுத்தேன்.
பெரிசாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.
உட்கார்ந்ததும் அவன் முதலில் செய்தது,
கால்மாட்டில் கிடந்த என் தலையணையை எடுத்து
மேலே என்னிடம் நீட்டியதுதான்.