நூற்றில் ஒரு பாகை

தக்வாரெம்போவுக்கு வடக்கே
மூன்றாவது நாளாக மழை.
தகரக் கூரை இரைச்சலில்
பென்டன்கூர் டீச்சர் சொன்னதில் பாதி கேட்கவில்லை.
கேட்டது இவ்வளவுதான்:
முனையைப் பிடித்து இழுங்கள்.
எது மாறுகிறது, எது மாறவில்லை, எழுதுங்கள்.

இருவருக்கு ஒரு மடிக்கணினி.
எங்களுடையதில் 'ஏ' விசை இல்லை.
யார் வீட்டுத் தம்பியோ பிடுங்கித் தின்றுவிட்டானாம்.
அதனால் எங்கள் முக்கோணத்துக்கு
பி, சி, டி என்று பெயர்.

மைத்தேதான் இழுத்தாள்.
நான் எழுதினேன்.
பெட்ரோல் பங்க் மீட்டர் மாதிரி
மூன்று மூலையிலும் எண்கள் ஓடின,
விரல் நின்றதும் நின்றன.
52.34
61.45
66.22
கூட்டினேன். மறுபடி கூட்டினேன்.
நூற்றெண்பது புள்ளி பூஜ்யம் ஒன்று.

மற்ற மேசைகளில் எல்லாம் நூற்றெண்பது.
கூட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று
நான் கேட்கவில்லை.

"இது பொய் சொல்லுது" என்றாள் மைத்தே.
அவள் அப்பா பண்ணைகளுக்குக் கம்பி வேலி போடுகிறவர்.
ஒரு மூலை பிசகினால்
நம் மாடு அடுத்தவன் நிலத்தில் கன்று போடும் என்பார்.
நூற்றில் ஒரு பாகை
அவள் வீட்டில் சின்ன விஷயமில்லை.

வேட்டை தொடங்கியது.
இன்னொரு இடத்தில் 179.99.
அப்புறம் வரிசையாக நான்கு முறை ஒழுங்காக 180,
பிடிபட்ட திருடன் நல்ல பிள்ளையாக நிற்பதுபோல.
அவள் டி-யைத் தரதரவென்று இழுத்து
அடிக்கோட்டின் மேலேயே படுக்கவைத்தாள்.
பூஜ்யம், பூஜ்யம், நூற்றெண்பது.
பின் மேசையிலிருந்து எட்டிப் பார்த்த யமண்டூ
"கோடாயிடுச்சே, இன்னும் முக்கோணம்தானா?" என்றான்.
டீச்சர் மாத்தே குழலை உறிஞ்சியபடி
கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.
"தெரியல" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

பிறகு மைத்தே செய்ததற்குக் காரணம் கேட்டால்
அவளுக்கே தெரியாது.
வேலிக்காரர் மகள்,
ஒரு கோட்டைக் கண்டால்
அதற்கு இணையாக இன்னொன்று போடாமல் கை நிற்காது.
உச்சி வழியாகப் போட்டாள்.
இழுத்தாள்.
புதுக் கோடும் கூடவே வந்தது.

கீழே இடப்பக்கக் கோணத்துக்கு மஞ்சள்.
மேலே கோட்டின் இடுக்கில் அதே அளவு மஞ்சள்.
வலப்பக்கத்துக்குச் சிவப்பு, மேலேயும் சிவப்பு.
நடுவில் உச்சியின் சொந்த நீலம்.
முக்கோணத்தை ஒல்லியாக்கினாள், குண்டாக்கினாள்,
சரித்தாள்.
மூன்று நிறமும்
நெருக்கியடித்து உட்காரும் பஸ் பயணிகளாக
ஒன்று சுருங்கினால் ஒன்று விரிந்து,
கோட்டின் அடியில் இடைவெளியே விடவில்லை.

இந்தப் படம் புத்தகத்தில் இருக்கிறது.
போன வருஷம் நான் அதற்கு மீசை வரைந்தேன்.

மைத்தே மெனுவைத் திறந்து
எண்கள் எல்லாவற்றையும் மறைத்தாள்.
திரையில் நிறங்கள் மட்டும்.
இழுத்துக்கொண்டே இருந்தாள்,
பேட்டரி மூன்று சதவீதம் என்று கெஞ்சியும்
நிறுத்தவில்லை.
அணைந்தது.

"உங்க கூட்டுத்தொகை?"
"நூற்றெண்பது புள்ளி பூஜ்யம் ஒன்று, டீச்சர்."
வகுப்பு சிரித்து முடிக்கக் காத்திருந்தாள்.
"ஆனா நூற்றெண்பதுதான்.
அது கடைசி இலக்கத்தை முழுசாக்கிக் காட்டுது.
கோடு அப்படிச் செய்யறதில்ல."

டீச்சர் இரண்டையும் பலகையில் எழுதினார்.
எதையும் அடிக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் பேருந்தில்
அவள் எதுவும் பேசவில்லை.
மழைக் கண்ணாடிக்கு வெளியே
தட்டையான ஒரு குன்று.
ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு
அதன் நுனியில் விரலை வைத்து இழுத்தாள்.
குன்று அசையவில்லை.
வண்டி கிளம்பியது.
குன்று மெல்ல
ஒரு பக்கம் சரியத் தொடங்கியது.