பதினேழு அங்குல லாட்ஜ்

செல்லூர் பழைய இரும்புக் கடைத் தராசில்
ஏறி உட்கார்ந்திருந்தது.
பதினாறு கிலோ எழுநூறு.
"கழுத்துல இருக்க செம்புக்குத்தான் காசு,
கண்ணாடிய எவன் வாங்குறான்"
சுத்தியலைத் தேடிக்கொண்டே சொன்னார் இருளப்பன்.
முந்நூறு ரூபாய் கூடப் போட்டுக் கொடுத்தேன்,
அடிக்காமல் இருக்க.

மொபெட்டில் கால் வைக்கிற இடத்தில் அதை வைத்து
கால்களை இரண்டு பக்கமும் தொங்கவிட்டபடி
யானைக்கல் பாலம் ஏறினேன்.
பக்கத்தில் வந்த ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு பெண்
டிவி ரிப்பேரா என்றாள்.
ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.

என் கம்ப்யூட்டருக்கு ஒன்றரை வயது.
வாய் சின்னது, பல் கிடையாது.
இதற்கோ நீலத் தலையில் பதினான்கு ஊசி
(பதினைந்து இருக்க வேண்டும்,
ஒன்பதாவது பிறவியிலேயே இல்லையாம்).
ஒரு ஊசி வளைந்திருந்தது.
சுகந்தி புருவம் திருத்துகிற இடுக்கியால்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன்.
அவளுக்கு இன்னும் தெரியாது.

மீனாட்சி பஜாரில் நூற்றைம்பதுக்கு வாங்கிய கன்வெர்ட்டர்
ஒரு நாள் முழுக்க ஊமையாக இருந்தது.
அடுத்தது நானூற்றைம்பது.
எண்களை வாங்கி அலையாக்கித் தருவது.
இது பேசியது. பேசியது இவ்வளவுதான்:
எல்லைக்கு வெளியே.
கறுப்பில் ஒரு மஞ்சள் பெட்டி
மூலைக்கு மூலை நகர்ந்து நகர்ந்து
எல்லைக்கு வெளியே, எல்லைக்கு வெளியே.

இறங்கினேன்.
ஆயிரத்து இருநூற்று எண்பது.
ஆயிரத்து இருபத்து நான்கு.
எண்ணூறு.
அறுநூற்று நாற்பதில்
உள்ளே ஏதோ டக்கென்று இடம் மாறி உட்கார்ந்தது.
கண்ணாடி அருகே கொண்டுபோன கையில்
மயிர் எழுந்து நின்றது.

தீயணைப்பு வீரன் வந்தான்.
பதினாறு புள்ளி உயரம், சிவப்புத் தொப்பி.
புதுத் திரையில் செங்கல் செங்கலாய்த் தெரிந்தவன்
இங்கே ஓரம் மழுங்கி, லேசாக வேர்த்து,
ஆளாகத் தெரிந்தான்.
பொத்தானை அழுத்தி முடிக்குமுன் ஏணியில் இருந்தான்.

அவன் பின்னால்தான் அதைப் பார்த்தேன்.
தீ அணைந்து திரை இருண்ட நொடியில்
கோடுகள். கட்டங்கள்.
ரூம் நம்பர். பெயர். அட்வான்ஸ். பாக்கி.
101 முதல் 306 வரை.
டவுன் ஹால் ரோடு லாட்ஜ் ஒன்றின் ரிசப்ஷனில்
இரவும் பகலும் ஒரே பக்கத்தைக் காட்டி நின்றிருக்கிறது இது.
பெயர் என்ற தலைப்பு பதிந்திருக்கிறது.
அதன் கீழே ஒரு பெயரும் இல்லை.
மாறிக்கொண்டே இருந்தவர்கள் எவரையும்
பாஸ்பரஸ் பிடித்து வைக்கவில்லை.

கோவர்த்தன் ஞாயிறுதோறும் வந்தான்.
மேல மாசி வீதி ஜவுளிக்கடையில் கணக்கெழுதுபவனுக்கு
அந்தக் கட்டங்கள்மேல் என்னைவிடக் கண்.
"204-ல தீப்பிடிச்சிருச்சு,
307-ன்னு ரூமே இல்ல, எங்கடா தாவுற"
என்று கத்துவான்.
அட்வான்ஸ் மேல் கால் வைத்தால் ராசி என்பான்.
சூடான மண்டைமேல் படுத்திருக்கும் தெருப்பூனை
வாலைத் தொங்கவிட்டு
ஸ்கோரை மறைத்துக்கொள்ளும்.

ஐப்பசியில் ஓசூருக்குப் போனான், வேறு வேலை.
போவதற்கு முந்தைய ஞாயிறு
ஒன்பதாயிரத்து நானூற்றுப் பத்து எடுத்தான்.
ஆட்டம் மூன்றெழுத்துக் கேட்டது.
போட்டுவிட்டு எழுந்து செருப்பைத் தேடினான்.
மூன்றெழுத்தும் சரியாகப் போய்
204-க்கு நேரே, பெயர் என்பதன் கீழ்
உட்கார்ந்திருந்தன.

நான் அதை அணைக்கவில்லை.
பதிய எத்தனை மாதம் ஆகுமென்று
யாரைக் கேட்பது?
கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும்,
சுகந்தி கேட்பாள்.
பூனைக்குக் குளிர்கிறது என்று சொல்லலாம்.
மதுரையில்.