கால் கிலோ ரொட்டி

கலாமாவில் எனக்கு ஒரு குறையும் இல்லை.
சுரங்கக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது வருஷம்
கல்லைப் பொடியாக்கி
அதில் செம்பு எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கிறேன்.
யாரும் சாகவில்லை. யாரும் விட்டுப் போகவில்லை.
ஒரு செவ்வாய்க்கிழமை பல் தேய்க்கும்போது தோன்றியது,
வேறு ஊரிலும் பல் தேய்க்கலாமே என்று.

குடும்பஸ்தர்களுக்குப் பள்ளிக்கூடம் ஊரைக் காட்டும்,
மாமியார் வீடு காட்டும்.
ஒண்டிக்கட்டைக்கு யார் காட்டுவது?
மேசைமேல் சிலி,
புடலங்காய் மாதிரி நீளமாகக் கிடக்கிறது.
எந்த இடத்தில் நறுக்க?

இக்கிக்கேயிலிருந்து அக்கா க்ளோரிந்தா
தொலைபேசியில் கேட்டாள்:
"போற ஊர்ல உனக்கு யாரு இருக்கா?"
அதைத்தான் பார்க்கப் போகிறேன் என்றேன்.
வைத்துவிட்டாள்.

லா செரீனாவில் கடல் இருந்தது.
வீட்டுச் சொந்தக்காரி சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே
"உங்க வீட்டுக்காரர் எப்ப வருவார்?" என்றாள்.
வருவார், வருவார் என்றேன்.
அப்படி ஒருவர் வழியில் இருப்பது போல
எனக்கே கொஞ்சம் பசித்தது.
மூலைக்கடையில் கால் கிலோ ரொட்டி கேட்டேன்.
கடைக்காரன் தராசைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"அவ்வளவுதானா?"

கன்செப்சியோனில் யாரும் எதுவும் கேட்கவில்லை.
உணவுக்கடையில் கழிப்பறைக் கதவோரம் மேசை கொடுத்தார்கள்.
சூப் வருவதற்குள்
எதிர்நாற்காலியை எட்டுப் பேர் மேசைக்குத் தூக்கிப் போனார்கள்,
அதில் உட்கார்ந்திருந்த என் பையைத்
தரையில் பக்குவமாக இறக்கி வைத்துவிட்டு.

பேருந்தில் கட்டம் போட்டு மதிப்பெண் எழுதினேன்.
வாடகை. தெருவிளக்கு. ஆஸ்பத்திரி எத்தனை தூரம்.
மாற்றுச் சாவியை யாரிடம் கொடுப்பது?
காய்ச்சலில் எலுமிச்சம்பழம் யார் வாங்கி வருவார்?
கடைசி இரண்டு கட்டமும்
எல்லா ஊருக்கும் காலி,
கலாமாவுக்கும்தான்.
பத்தொன்பது வருஷம் கழித்து அன்றைக்குத்தான்
அந்த ஊருக்கும் மதிப்பெண் போட்டுப் பார்த்தேன்.

வால்டிவியாவில் இறங்கினால் மழை.
எங்கள் பாலைநிலத்தில் வானம் பொய்க்கவும் பொய்க்காது,
வாக்கே கொடுத்ததில்லை.
நாற்பத்தாறு வயதில் முதல் குடை வாங்கினேன்,
விரிக்கத் தெரியாமல்
கடைக்காரி கையிலேயே கொடுத்தேன்.
மீன் சந்தைக்குப் பின்னால்
கடல்சிங்கங்கள் தலைகளுக்குக் காத்திருந்தன,
ஒவ்வொன்றும் தனித்தனியாக, வெட்கமே இல்லாமல்.

பார்க்கப் போன வீடு மூன்றாவது மாடி.
சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துச் சுவர்.
கூரையில் ஆப்பிரிக்கா வடிவத்தில் ஈரம்.
தரகர் பெர்மின் அதைத் தொப்பியால் மறைக்கப் பார்த்தார்,
கூரை உயரத்துக்குத் தொப்பி எட்டவில்லை.
யோசித்துச் சொல்கிறேன் என்று இறங்கி வந்தேன்.
யோசிக்க ஒன்றும் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

வாசலில் ஒரு பையன்,
மழையில் நனைந்த மெத்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.
வணக்கம் கிடையாது, பெயர் கிடையாது.
"அந்த முனையைப் பிடிங்க."

பிடித்தேன்.
குடை எங்கே விழுந்தது என்று தெரியாது.
முதல் மாடித் திருப்பத்தில் மெத்தை சிக்கியது.
"உங்க பக்கம் தூக்குங்க, இன்னும், இன்னும்"
என்று கத்தினான், ஏதோ பத்து வருஷமாக
என்னோடு மெத்தை தூக்குகிறவன் போல.
ஈரப்பஞ்சு கன்னத்தில் ஒட்டியது.
இரண்டாவது மாடியில் கதவைத் திறந்த ஒருத்தி
"செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க, இப்பத்தான் துடைச்சேன்"
என்று எங்கள் இருவரையும் சேர்த்தே திட்டினாள்.

நாலாவது மாடியில் இறக்கி வைத்ததும்
மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்:
"நீங்க எந்த மாடி?"

கையில் செருப்பு. முழங்கை வரை மழைத்தண்ணீர்.
அந்த ஊரில் என் சொத்து
எங்கோ படிக்கட்டில் கிடக்கும் ஒரு குடை.

"மூணாவது" என்றேன்.